செங்கம் ரோடு ஜெராக்ஸ் கடை

கடை வாசலில் குறுக்கே நைலான் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு உள்பக்கம் ஒரு மேசை, அதன்மேல் சானிடைசர் புட்டி. வெளிப்பக்கம், தார் ரோட்டின் ஓரமாகச் சுண்ணாம்பு வட்டங்கள். வட்டத்துக்கு ஓர் ஆள். 2020 மே 11. தமிழ்நாட்டில் 34 வகைக் கடைகளைத் திறந்துகொள்ளலாம் என்று அரசு அனுமதித்த முதல் நாள். அந்தப் பட்டியலில் ஜெராக்ஸ் கடையும் இருந்தது. திருவண்ணாமலையில், ரமண நகரை ஒட்டிய இந்தக் கடையின் வட்டங்கள் காலையிலேயே நிரம்பிவிட்டன.

நின்றவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர். வெள்ளை வேட்டி, தொளதொளத்த பருத்திச் சட்டை, பழைய புடவையைக் கிழித்துத் தைத்த மாஸ்க். கழுத்திலிருந்து தொங்கும் துணிப் பையில் பாஸ்போர்ட். ஒருவர் வெயிலுக்கு மறைவாகக் கையிலிருந்த காகிதக் கற்றையைத் தலைக்குமேல் பிடித்தார். பிடித்த வேகத்தில் கீழே இறக்கி, மடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். யாரும் யாரோடும் பேசவில்லை. ரமணாசிரம வாசலில் பேசாமல் இருப்பார்களே, அந்த மௌனம் இல்லை இது. தேர்வு அறைக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளின் மௌனம்.

பக்கத்துத் துணிக்கடை இன்னும் திறக்கவில்லை. அதன் படியில் நான் உட்கார்ந்திருந்தேன். ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தவன், என் வேலை முடிந்த பிறகும் எழுந்து போகவில்லை. பிறகு அந்தப் படிக்கு வந்து உட்காருவதே வழக்கமாகிவிட்டது. நான் கேட்டதைவிடப் பார்த்தது அதிகம். யாரிடமும் எதையும் விசாரிக்கவில்லை.

திருவண்ணாமலைக்கு வெளிநாட்டவர் வருவது புதிதில்லை. எழுத்தாளர் பால் பிரண்டன் ரமண மகரிஷியைத் தேடி வந்து 90 வருஷத்துக்கு மேல் ஆகிறது. கார்த்திகை தீபத்தை ஒட்டி வரத் தொடங்குவார்கள், மார்ச் வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள். ஊர் அதை 'சீசன்' என்று சொல்லும். மாடி அறையை வாடகைக்கு விட்டவர்கள், சைக்கிள் வாடகைக் கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், பழ ஜூஸ் போடுகிறவர்கள் எல்லோருடைய வருஷக் கணக்கும் அந்த நாலைந்து மாதத்தில்தான் நேராகும். 2020இல் சீசன் முடிந்து மூட்டை கட்டும் நேரத்தில்தான் கொரோனாவால் உலகம் கதவைச் சாத்தியது. மார்ச் 13 முதல் புதிதாக யாரும் சுற்றுலா விசாவில் இந்தியாவுக்குள் வர முடியாது என்றார்கள். உள்ளே இருப்பவர்களின் விசா செல்லும், நீட்டிக்க வேண்டுமானால் விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார்கள். மார்ச் 22இல் சர்வதேச விமானங்கள் நின்றன. 25இல் ஊரடங்கு. பங்குனிப் பௌர்ணமிக்கும் சித்திரைப் பௌர்ணமிக்கும் கிரிவலம் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் 14 கிலோமீட்டர் பாதையில் நாய்களும் காவலர்களும் மட்டும் இருந்தார்கள்.

ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் போன்ற நாடுகள் சிறப்பு விமானங்கள் அனுப்பித் தங்கள் மக்களைக் கூட்டிக்கொண்டன. தூதரகக் கடிதத்தைக் கார் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இங்கிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் போனவர்கள் பலர். போகாதவர்களும் பலர். டிக்கெட் விலை கட்டுப்படியாகாதவர்கள், விமானமே அனுப்பாத நாட்டுக்காரர்கள், போகவே விரும்பாதவர்கள். மலைக் குகையில் தங்கியிருந்த வெளிநாட்டவர் ஒருவரை அதிகாரிகள் கண்டுபிடித்துக் கீழே அழைத்து வந்த செய்தி ஏப்ரலில் பத்திரிகைகளில் வந்தது. அதற்கு முன்பே, மார்ச் கடைசியில், இவர்களைக் கண்டால் சிலர் தெருவில் ஒதுங்கிப் போனதையும், "நோய் இவங்களாலதான் வந்தது" என்று காதுபடச் சொன்னதையும் நான் பார்த்திருக்கிறேன். எத்தனையோ வருஷமாக இவர்கள் வாடகையில் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊர் இது. அந்தச் சில வாரங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆனால் மே மாதம் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. எல்லோருமே மாட்டிக்கொண்டவர்கள் என்பது தெரிந்துபோன மாதம் அது.

கடைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. உள்துறை அமைச்சகம் மே 5ஆம் தேதி வெளியிட்ட உத்தரவு. கடைக்காரர் பெரிய எழுத்தில் அச்சடித்து, நான்கு மூலையிலும் செல்லோ டேப் போட்டு, கயிற்றுக்கு வெளியே நிற்பவர்கள் படிக்கும் உயரத்தில் ஒட்டியிருந்தார். பிப்ரவரி 1க்குப் பிறகு விசா முடிந்துபோன வெளிநாட்டவர்களுக்கு, சர்வதேச விமானத் தடை நீங்கிய நாளிலிருந்து 30 நாள் வரை தங்கும் காலம் நீட்டிக்கப்படும், கட்டணம் இல்லை, அபராதம் இல்லை. ஆன்லைனில் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஏப்ரலில் வந்த முந்தைய உத்தரவு மே 3 வரைதான் நீட்டியது. வெளியேற விரும்புகிறவர்கள் மே 17க்குள் போய்விடலாம் என்றது. விமானமே இல்லாத நாட்டில் 17ஆம் தேதிக்குள் எப்படிப் போவது என்று தவித்தவர்களுக்கு இந்த மே 5 உத்தரவு பெரிய ஆறுதல். வட்டத்தில் நின்ற எல்லோரும் தங்கள் முறை வந்ததும் முதலில் அந்தக் காகிதத்திடம்தான் போனார்கள். ஏற்கெனவே செல்போனில் பலமுறை படித்திருப்பார்கள். இருந்தாலும் காகிதத்தில் படிக்க வேண்டியிருந்தது. ஒரு பெரியவர் வரி வரியாக விரலை ஓட்டிப் படித்துவிட்டு, மறுபடி முதல் வரிக்குப் போனார்.

அப்போதைய விதிப்படி, இ-டூரிஸ்ட் விசாவில் வந்தவர்கள் ஒரு தடவைக்கு 90 நாள் தொடர்ந்து தங்கலாம். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் நாட்டவர்களுக்கு 180 நாள். விசா ஒரு வருஷத்துக்கோ ஐந்து வருஷத்துக்கோ இருந்தாலும் இந்தத் தங்கும் காலம் தனிக் கணக்கு. பாஸ்போர்ட்டில் சென்னை விமான நிலையத்தில் குத்திய முத்திரைத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். சுற்றுலா விசாவைச் சாதாரணமாக நீட்டித் தரவும் மாட்டார்கள். கெடு தாண்டினால் அபராதம், வெளியேறும் அனுமதிக்கு அலைச்சல், அடுத்த தடவை விசா கேட்கும்போது பழைய கதை. வருஷா வருஷம் இங்கே வந்து போகிறவர்களுக்கு அந்த அடுத்த தடவைதான் முக்கியம். அபராதம் கட்டிவிடலாம், பெயர் கெட்டால் மலைக்குத் திரும்ப முடியாதே என்பதுதான் அவர்கள் முகத்திலிருந்த பயம்.

முத்திரை மை எல்லாருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. முதல் நாள் காலையில் ஒரு பையனுடைய பாஸ்போர்ட்டில் தேதி பாதிதான் பதிந்திருந்தது. அர்ஜென்டினாக்காரன், முதுகில் உறை போட்ட கிடார். அவன் ஜனவரியில் வந்தான் என்பது தெரிகிறது. 21ஆ, 27ஆ என்பது தெரியவில்லை. கடைக்காரர் அந்தப் பக்கத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். அவனுக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் பழைய மின்னஞ்சலைத் தோண்டி, விமான டிக்கெட்டை எடுத்து, இறங்கிய நாளைச் சரிபார்த்தார்கள். 21தான். அதை உள்ளிடும் முன் கடைக்காரர் மாஸ்க்குக்குள் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டதை நான் பார்த்தேன். ஓர் எண் தவறினால் விண்ணப்பம் திரும்பி வரும், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

2018க்கு முன்பானால் இதற்கெல்லாம் நேரே போக வேண்டும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், அல்லது சென்னையில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகம். அந்த வருஷம் இ-எஃப்ஆர்ஆர்ஓ என்ற இணையவழி வந்தது. பஸ் ஓடாத, மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்த 2020இல் அது இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த இணையவழியைக் கட்டியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதை ஒரு மனிதன் கையில் கொண்டு சேர்த்தது இந்த மாதிரி ஒரு கடை.

படம் எடுப்பதைச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பின்னணி வேண்டும், நிழல் விழக்கூடாது. ஸ்டுடியோ திறக்கவில்லை. கடைக்காரர் உள்ளே போய்த் தன்னுடைய நாலு முழ வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தார், சலவை மடிப்புக் கலையாதது. கடையில் வேலை பார்த்த பையன் ஒரு ஸ்டூலின்மேல் ஏறி நின்று இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்தான். விண்ணப்பதாரர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் நிற்க வேண்டும். மாஸ்க் கழற்றிய முகங்களை அன்றுதான் பார்த்தேன். ஒன்றரை மாத ஊரடங்கில் தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, பாஸ்போர்ட்டிலிருக்கும் முகத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தவர்கள் உண்டு. காற்று அடித்தால் வேட்டி அலையும். "அசையாதடா" என்று பையனிடமும் "நோ ஸ்மைல்" என்று எதிரில் நிற்பவரிடமும் கடைக்காரர் மாறிமாறிச் சொன்னார். சிரிக்கக் கூடாது என்று சொன்னதும் ஒரு பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. நாலு தடவை எடுத்தார்கள்.

ஒரு ரஷ்யக் குடும்பம் வந்தது. கணவன், மனைவி, மூன்று வயதிருக்கும் பெண் குழந்தை. குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா, ஆகவே தனி விண்ணப்பம். வேட்டிக்கு முன்னால் நிறுத்தினால் அது திரும்பி வேட்டிக்குள் ஒளிந்துகொண்டது. அப்பா மண்டியிட்டுக் கீழே உட்கார்ந்து, தன் கை படத்தில் தெரியாதபடி அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஸ்டூலில் நின்ற பையன் வேட்டிக்கு மேலிருந்து தலையை நீட்டிக் 'குக்கூ' என்றான். அது நிமிர்ந்து மேலே பார்த்தது. படத்தில் கண் நேராக இருக்க வேண்டுமே. கடைசியில் அந்தப் பையனைக் கடைக்காரருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, வேட்டியை அம்மா பிடித்தாள்.

எல்லாவற்றையும்விட இழுத்தடித்தது சி ஃபார்ம். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் யாரும், ஓட்டலானாலும் மாடி வீடானாலும், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் விவரம் பதிய வேண்டும். அந்தப் பதிவின் நகல்தான் இருப்பிடச் சான்று. வருஷக்கணக்கில் வாடகைக்கு விடுகிற எத்தனையோ வீட்டுக்காரர்கள் இதையெல்லாம் பிள்ளைகளைக் கொண்டு செய்துவந்தவர்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். மாடியில் இரண்டு அறை, கணவர் இல்லை. ஒரு பிரெஞ்சு அம்மையாரோடு வந்து கயிற்றுக்கு வெளியே நின்றார்.

"அக்கா, உங்க லாகின்ல போனாத்தான் சி ஃபார்ம் எடுக்க முடியும். பாஸ்வேர்டு என்ன?"

"அதெல்லாம் எனக்கெங்கப்பா தெரியும். என் பையன் போட்டுக் குடுத்தது. அவன் பெங்களூர்ல இருக்கான்."

"போன் போடுங்க."

போன் போட்டார். பையன் தூக்கத்திலிருந்து எழுந்து பாஸ்வேர்டு சொன்னான். அது ஒத்துவரவில்லை. புதிதாக மாற்ற ஓடிபி போனது, அவனுடைய பழைய நம்பருக்கு. அந்த சிம் வீட்டிலேயே ஏதோ டப்பாவில் கிடக்கிறதாம். அந்த அம்மா வெயிலில் வீட்டுக்கு நடந்துபோய், டப்பாவைத் தேடி, சிம்மைக் கண்டுபிடித்து, முந்தானை முடிச்சில் கட்டிக்கொண்டு வந்தார். ரீசார்ஜ் பண்ணாத சிம். கடைக்காரர் தன் பணத்தில் ரீசார்ஜ் செய்தார். வெகுநேரம் கழித்து ஓடிபி வந்தது. அத்தனை நேரமும் அந்தப் பிரெஞ்சு அம்மையார் வட்டத்தைவிட்டு நகரவில்லை. இன்னொருவர் நடந்து நடந்து கொண்டுவரும் காகிதத்தில்தான் தான் இந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பது இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. "போலீசு வந்து கேட்டா நான் என்ன சொல்றது" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் நடந்தார். ஆனால் நடந்தார்.

விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. ஏன் நீட்டிக்க வேண்டும்? பெரும்பாலோர் விமானம் இல்லை என்று ஒரு வரி எழுதினார்கள். அர்ஜென்டினாப் பையன் ஒரு தாள் முழுக்கக் கையால் எழுதி எடுத்து வந்திருந்தான். செப்டம்பர் வரை விமான டிக்கெட் விற்கவே கூடாது என்று அவன் நாடு ஏப்ரல் கடைசியில் தடை போட்டுவிட்டது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது, கையில் பணம் குறைந்தது, கிடார் சொல்லிக்கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்றால் சுற்றுலா விசாவில் அது கூடாது என்பது, எல்லாம் எழுதியிருந்தான். கடைக்காரர் அதை முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, "இவ்ளோ வேணாம்பா. ஷார்ட்" என்று இரண்டு விரலால் அளவு காட்டினார். அந்தத் தாளை அவனிடமே மடித்துக் கொடுத்துவிட்டு, கட்டத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி அடித்தார். அரசுக்கு அந்த இரண்டு வரி போதும் என்பது சரிதான். ஆனால் அந்தத் தாளை யாராவது படிக்க வேண்டும் என்றுதான் அவன் எழுதினான், ஒருவர் படித்துவிட்டார்.

கடைக்காரரைப் பற்றி ஒன்று பிறகுதான் தெரிந்தது. அவருடைய அம்மா அப்போது துபாயில் இருந்தார். மகளுடைய பிரசவத்துக்குப் போனவர், விசிட் விசா. குழந்தை பிறந்தது, அம்மா திரும்ப முடியவில்லை. மார்ச் 1க்குப் பிறகு முடியும் விசாக்கள் வருஷக் கடைசி வரை செல்லும் என்று அமீரக அரசு ஏப்ரலில் சொன்னபோது இவர் நிம்மதியானார். ஜூலையில் அந்த முடிவு மாறியது. விசிட் விசாக்காரர்களுக்கு ஒரு மாத அவகாசம், அதற்குள் கிளம்ப வேண்டும் அல்லது விசாவைச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். பிறகு அந்த அவகாசத்தையும் நீட்டினார்கள். மே 7ஆம் தேதி தொடங்கிய வந்தே பாரத் விமானங்களில் இடம் கேட்டுக் கடைக்காரர் தூதரகத்தில் முன்பே பதிந்து வைத்திருந்தார். கர்ப்பிணிகள், நோயாளிகள், வேலை இழந்தவர்கள் முன்னால் இருந்தார்கள், அதுதான் நியாயமும். அம்மாவின் பெயர் வரவில்லை.

அவர் போனில் பேசுவது படியில் எனக்குக் கேட்கும். "அம்மா, மாத்திரை இருக்கா? இன்னும் எத்தன நாளைக்கு வரும்? பாஸ்போர்ட்ட தங்கச்சிகிட்ட குடுத்து வெக்காத, உன் பையிலயே வெச்சுக்க." போனை வைத்துவிட்டுத் திரும்பி, எதிரில் நிற்கும் வெளிநாட்டவரிடம் பாஸ்போர்ட்டை வாங்குவார். அதன் மூலை மடங்கியிருந்தால் நகத்தால் நீவி நேராக்கித்தான் ஸ்கேனரில் வைப்பார். ஒரு தாளுக்கு அவர் வாங்கியது வழக்கமான காசு. விண்ணப்பம் போட்டுத் தருவதற்குத் தனியாக வாங்கினார், இல்லை என்று தயங்கியவர்களிடம் வாங்கவில்லை. அந்த நாட்களில் பயத்தைக் காசாக்கியவர்களும் ஊர் ஊருக்கு இருந்தார்கள். அதிகம் கேட்டிருந்தால் இவருக்கும் கொடுத்திருப்பார்கள்.

விண்ணப்பம் போனதும் ஓர் எண் வரும். அதைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். பிறகு காத்திருப்பு. பதில் மின்னஞ்சலில் வரும். சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு இன்னொரு சான்று கேட்டு. பதில் வந்ததும் மறுபடி கடைக்கு வருவார்கள், அச்சடிக்க. ஒரு பிரதி கைப்பைக்கு, ஒன்று வீட்டுக்கார அம்மாவுக்கு. அச்சு இயந்திரத்திலிருந்து தாள் வெளியே வரும்போது ரஷ்யக் குடும்பத்தின் அப்பா அதை முழுசாக வரவிடாமல் நுனியைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் அவர் கையைத் தட்டிவிட்டார், கிழிந்துவிடும் என்று. மூன்று பேருக்கு மூன்று தாள். குழந்தையுடைய தாளில் அந்தப் படம் இருந்தது, கண் நேராக, உதடு அழுகைக்குத் தயாராக.

இதில் என் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் வேண்டாம், அபராதம் வேண்டாம் என்றது பெரிய மனசு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வானத்தையே மூடிவிட்ட பிறகு, போகாமல் இருப்பதற்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக மனுப்போட வேண்டும் என்பது தேவையில்லாத பாரம். லேப்டாப் இருப்பவர், ஆங்கிலம் தெரிந்தவர், மகனின் பழைய சிம்மைத் தேட ஒரு வீட்டுக்காரி கிடைத்தவர் பிழைத்துக்கொள்வார். மற்றவர்? தாய்லாந்திலும் முதலில் வரிசைதான். மார்ச் மாதம் பாங்காக்கின் சேங் வத்தனா குடிவரவு அலுவலகத்தில் வெளிநாட்டவர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நோய் பரவாமலிருக்க ஊரை மூடிவிட்டு ஆட்களை ஒரே இடத்தில் கூட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. மார்ச் 26க்குப் பிறகு காலம் முடிகிற எல்லாருக்கும் தானாகவே நீளும், யாரும் அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று ஏப்ரலில் முடிவெடுத்தார்கள். ஒரு பேரிடரில் நாள் நீட்டிப்பு அப்படித்தான் இருக்க வேண்டும். மனிதன் கேட்டுப் பெறுவதாக இல்லாமல், அவன் தூங்கும்போதே வந்து சேர்ந்துவிடுவதாக.

இந்தியாவும் அங்கே வந்து சேர்ந்தது, ஒரு வருஷம் கழித்து. 2021 ஜூன் 4ஆம் தேதி உள்துறை அமைச்சகம், 2020 மார்ச்சுக்கு முன் வந்து மாட்டிக்கொண்ட வெளிநாட்டவர்களின் விசா ஆகஸ்ட் 31 வரை செல்லும், அதற்கு விண்ணப்பம் எதுவும் போட வேண்டியதில்லை என்றது. பிறகு செப்டம்பர் 30 வரை நீட்டினார்கள். நாட்டைவிட்டுப் போகும்போது மட்டும் வெளியேறும் அனுமதி வாங்கினால் போதும், அதற்கும் கட்டணம் இல்லை.

அந்த ஜூன் உத்தரவுக்கு முந்தைய மாதம் கொடியது. கொரோனாவின் இரண்டாம் அலை. மே முதல் வாரத்தில் ஒரு ஆஸ்திரேலியப் பெண் எனக்கு இரண்டு படி கீழே, தள்ளி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்பப் பல மாதமாக முயன்றவர். அவர் நாடு உள்ளே விடும் ஆட்களின் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்திருந்தது. இப்போது இந்தியாவில் இருந்துவிட்டுத் திரும்பும் தன் குடிமக்களுக்கே சிறையோ அபராதமோ உண்டு என்று அது அறிவித்திருந்தது. மே 3 முதல் 15 வரை நடப்பில் இருந்த தடை. சொந்த நாடு வராதே என்கிறது, வந்த நாடு இருந்துகொள் என்கிறது. அந்தப் பெண் எழுந்து, தன்னுடைய நீட்டிப்புக் கடிதத்தைப் புதிதாக ஒரு பிரதி அடித்து வாங்கிக்கொண்டார். பழையது மடிப்பில் கிழிந்திருந்தது. "லேமினேஷன் பண்ணட்டுமா மேடம்?" என்று பையன் கேட்டான். அவர் யோசித்துவிட்டு, சரி என்றார்.

கடைக்காரரின் அம்மா 2020லேயே வந்துவிட்டார். தனிமைப்படுத்தல் முடிந்து கடைக்கு வந்தவர், அந்த வேட்டியைப் பார்த்து, "இத ஏன்டா இப்படி ஆக்கி வெச்சிருக்க" என்று துவைக்க எடுத்துப் போனார். அர்ஜென்டினாப் பையன் எப்போது போனான் என்று எனக்குத் தெரியாது.

பிரெஞ்சு அம்மையார் 2021 செப்டம்பரில் கிளம்பினார். வெளியேறும் அனுமதியை அச்சடிக்க, வீட்டுக்கார அம்மாவும் கூடவே வந்திருந்தார். வரும் வழியிலேயே இருவருக்கும் வழக்கு.

"அட்வான்ஸ் பத்தாயிரம். கரண்ட் பில்லு கழிச்சது போக இந்தாங்க, எண்ணிப் பாருங்க."

"வேண்டாம் அக்கா. அடுத்த வருஷம் வருவேன். அதே ரூம்."

"அடுத்த வருஷக் கணக்க அடுத்த வருஷம் பாத்துக்கலாம். டூரிஸ்ட் விசாவே இன்னும் தர ஆரம்பிக்கல. எப்ப தருவாங்களோ. அங்க போயி டெஸ்ட்டு அது இதுன்னு செலவு இருக்கும், வாங்கிக்கங்க."

"அப்போ சாமான்?"

"சாமான் கெடக்கட்டும், எங்க போவுது. அதுக்கு வாடகை வேணாம்."

பிரெஞ்சு அம்மையார் பணத்தை வாங்கிக்கொண்டார். பிறகு கடைக்காரரிடம் ஒரு தாள் கேட்டு, மை சரியாக விழாமல் ஒதுக்கிவைத்த ஒன்றின் பின்பக்கத்தில், மாடியில் விட்டுப்போகிற சாமான்களை ஒவ்வொன்றாக எழுதினார். கட்டில் ஒன்று, கேஸ் அடுப்பு ஒன்று, இட்லிப் பாத்திரம் ஒன்று, ஃபேன், கொசுவலை. அவர் பிரெஞ்சில் எழுதிய ஒவ்வொன்றுக்கும் நேராகக் கடைக்காரர் தமிழில் எழுதினார். "அந்த ஸ்டீல் குடத்தையும் போடுங்க" என்றார் வீட்டுக்கார அம்மா. குடத்தையும் போட்டார்கள். இருவரும் கையெழுத்திட்டார்கள். கடைக்காரர் அதை இரண்டு நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார், அசலைக் கடை அலமாரியில் வைத்துக்கொண்டார். நாலு ரூபாய் ஆனது. அதை வீட்டுக்கார அம்மா கொடுத்தார்.